பூச்சியம் போட்ட துறை

கண்ணாத்துறை,
படுவான்கரை.
18.01.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கு மற்ற எல்லாம் சுகம். அது மழைக்கு ஒரு விதமாகவும் வெயிலுக்கு இன்னொரு விதமாகவும் நோகிறது. கொழும்பில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னார். அப்பா ஒன்றும் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்ததும் பக்கத்தில் வந்து நின்றார்.

முதல் கட்டுப் படிவம் நாற்பதைக் கொழும்பு பஸ்ஸில் போட்டிருக்கிறேன். கையொப்பம் வைத்த தாள்தான் வேண்டும் என்று உங்கள் கம்பனி சொல்வதால் இனி அடிக்கடி பொதி வரும், அதற்குள் என் கடிதமும் வரும். போன் எடுத்தால் "மீட்டிங்கில நிக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். தாளுக்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பு வேலையை எடுத்துத் தந்ததற்கு நன்றி. வாவியைச் சுற்றி ஆறு இடங்களாம். டவுன் பக்கத்துப் பார்க்கை என்னோடு படித்த ஸகியா செய்கிறாள், நம் துறையை நான் செய்கிறேன். தண்ணீர் சுத்தமாக இருந்தால் சனம் வந்து குளிக்க, உலாத்த, தோணியில் போக அது எவ்வளவு பெறுமதி என்று காசில் கண்டுபிடிப்பதுதான் நோக்கம் என்று படிவத்தின் தலையில் எழுதியிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவைத்தான் முதலில் பிடித்தேன். ஐந்தாம் கேள்வி: "பொழுதுபோக்குக்காக இங்கு வருவதுண்டா?" அவர் வலையை உதறிக் காயப்போட்டுவிட்டுத் தோணி விளிம்பில் இருந்தபடி காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு மணிவரை அவர் அங்கேதான் அப்படி இருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். கேள்வியைக் கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

"என்ன மனே கேக்காய்? வேல வெட்டி இல்லாதவனுக்குத்தான் பொழுதுபோக்கு. எனக்கு வேல இரிக்கி. இல்ல எண்டு போடு."

இல்லை என்று புள்ளடி போட்டேன். மற்ற முப்பத்தொன்பது பேரும் அதையேதான் சொன்னார்கள். நம் ஊரில் சும்மா இருக்கிறேன் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
கம்சாயினி

---

கொழும்பு
02.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

படிவங்கள் நனையாமல் வந்து சேர்ந்தன. எனக்கு ஒரு குறையும் இல்லை, தடிமன் மட்டும் விட்டபாடில்லை. அம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.

உன் கையெழுத்து மிகவும் தெளிவு என்று எங்கள் தலைமை ஆய்வாளர் நல்லரத்தினம் சேர் பாராட்டினார். வேலை எப்படி நடக்கிறது என்று உனக்கும் விளங்கட்டும். ஒருவன் ஓர் இடத்துக்கு வர எவ்வளவு தூரம், எவ்வளவு செலவு, வருடத்தில் எத்தனை தடவை என்று பார்ப்போம். அவ்வளவையும் கொடுத்து வருகிறான் என்றால் அந்த இடம் அவனுக்கு அவ்வளவு பெறுமதி. உலகம் முழுவதும் இப்படித்தான் செய்கிறார்கள்.

சனம் சொல்வதை அப்படியே பதி. நீயாக ஒன்றும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். "தண்ணீரைச் சுத்தமாக வைக்க மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்" என்ற கேள்விக்குக் கோபப்பட்டு ஒன்றும் தரமாட்டேன் என்பவர்களின் படிவத்தைப் புறம்பாகக் கட்டி அனுப்பு. அவை கணக்கில் சேராது.

அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

அண்ணா
துசாந்தன்

---

கண்ணாத்துறை
20.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிக்கட்டாம், அம்மா சொன்னார். டொக்டர் அவருக்கு ஒரு பூசுமருந்து தந்தார். மணம் வீடு முழுக்க, நோவும் அப்படியே இருக்கிறது.

இரண்டாம் கட்டில் அறுபது படிவம். அதில் இருபத்திரண்டைப் புறம்பாகக் கட்டியிருக்கிறேன், நீங்கள் சொன்ன கோபக்காரர்கள். சீதேவிப்பிள்ளை மாமி இடுப்பளவு தண்ணீரில் நின்று அத்தாங்கு வலையால் இறால் அள்ளிக்கொண்டிருந்தார். மாதம் எவ்வளவு தருவீர்கள் என்று கரையிலிருந்து கேட்டேன்.

"நான் ஏன் கா குடுக்கணும்? ஊத்தையாக்கினவன் குடுக்கட்டும். எங்கட தண்ணியில நிண்டா இன்னும் கால் தெரியிது. வந்து பாரு."

உண்மைதான், கால் தெரிந்தது. டவுன் கழிவுக் கான் எல்லாம் பார்க்குக்குப் பக்கத்தில் வாவியில் விழுகிறது, அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள் என்று ஸகியா சொல்கிறாள். நம் பக்கம் இன்னும் அந்த நாற்றம் இல்லை. மாமி சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அதை ஏன் கணக்கில் எடுக்கமாட்டீர்கள்? மாதம் நூறு ரூபா தருகிறேன் என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டுப் போகிறவனின் வாய்க்கு மதிப்பு, நியாயம் கேட்டவருக்கு ஒன்றுமில்லையா?

இன்னொன்று. தூரமும் செலவும்தான் பெறுமதி என்றீர்கள். நாங்கள் நடந்து வருகிறோம். பாதிப்பேர் செருப்பும் போடுவதில்லை. தூரம் என்ற இடத்தில் "ஐம்பது மீற்றர்" என்றும் செலவு என்ற இடத்தில் "இல்லை" என்றும் எழுதி எழுதி எனக்குக் கை கூசுகிறது. அப்படியென்றால் கண்ணாத்துறைக்கு என்ன பெறுமதி வரும், அண்ணா? இதற்குத் தெளிவாகப் பதில் எழுதுங்கள்.

உங்கள் சுகத்தையும் எழுதுங்கள்.

கம்சாயினி

---

கொழும்பு
06.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

எழுதப் பிந்திவிட்டது, குறை நினைக்காதே. வேலை கழுத்துவரை. தடிமன் போய்விட்டது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு பட்டி வாங்கி இதற்குள் வைத்திருக்கிறேன். படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

புதிய படிவம் ஐம்பது இருக்கிறது. நீ கேட்டது நல்ல கேள்வி. அதைப் பற்றி விரிவாகப் பிறகு எழுதுகிறேன். ஆடி மாதம் எனக்கு வேலை நிரந்தரமாகலாம் என்று சேர் சொன்னார், அம்மாவிடம் சொல்.

பொதியைக் கவனமாகப் பிரி.

துசாந்தன்

---

கண்ணாத்துறை
11.04.2025

அண்ணாவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கு இன்றைக்கு மனம் இல்லை. அம்மாவுக்குப் பட்டி அளவாக இருக்கிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியைச் சுற்றியிருந்த தாளைக் கசக்கி எறியப் போனேன். உள்பக்கத்தில் அச்சடித்திருந்ததால் பார்த்தேன். உங்கள் கம்பனியின் அறிக்கையில் ஒரு பக்கம். ஆறு இடங்களுக்கும் வருடப் பொழுதுபோக்குப் பெறுமதி என்று ஓர் அட்டவணை. பார்க்குக்கு நாலு கோடியே சொச்சம். கடைசி வரியில் கண்ணாத்துறை, நேரே பூச்சியம். அதற்குக் கீழே இரண்டு வசனம். பார்க்கின் தண்ணீரைத் திருத்துவதற்காக டவுன் கானைக் குழாய் போட்டு நம் மேற்குக் கரைக்குக் கொண்டுவரலாமாம். "பொழுதுபோக்குப் பெறுமதி எதுவும் இழக்கப்படாது என்பதால் கழிவுநீர் விடுவதற்குக் கண்ணாத்துறை மிக உகந்தது."

மூலையில் "தயாரித்தவர்: ஏ. துசாந்தன்" என்று இருக்கிறது. ஏ என்றால் ஏரம்பமூர்த்தி, நம் அப்பா. அந்த ஏரம்பமூர்த்தி இப்போது துறையில்தான் வலை வீசிக்கொண்டு நிற்கிறார். நீங்கள் நீந்தப் பழகியதும் அதே இடத்தில்தான்.

யோசித்துப் பாருங்கள், அண்ணா. தங்கள் ஊத்தை தங்களுக்கு நாறுகிறது என்று அதை அள்ளி எங்கள் வாசலில் கொட்டப் போகிறார்கள். இறால் ஒரு மாதத்தில் ஓடிவிடும். பிள்ளைகளுக்குச் சொறி வரும். அப்பா அறுபத்துமூன்று வயதில் வேறு எந்தத் தண்ணீரில் போய் இறங்குவார்? எங்கள் தண்ணீர் சுத்தமாக இருப்பதே குற்றமாகிவிட்டது.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதுதான் உறங்க விடாமல் அரிக்கிறது. சும்மா இருப்பதைச் சொல்ல வெட்கப்பட்டு அவர்கள் இல்லை என்றார்கள். அப்பாவின் கால் தண்ணீருக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நானும் இல்லை என்று புள்ளடி போட்டேன். நூறு படிவம். என் கையெழுத்துத் தெளிவு என்று உங்கள் சேர் பாராட்டினாரே, போதும்.

இதற்கு உடனே பதில் எழுதுங்கள்.

கம்சாயினி

---

கொழும்பு
09.05.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கோபம் எனக்கு விளங்குகிறது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

முதலில் அது வரைவு மட்டும்தான். இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. அந்தத் தாள் பொதிக்குள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அலுவலகத்தில் பழைய தாளில் சாமான் சுற்றுவது வழக்கம். அதைத் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதே. என் வேலைக்கு ஆபத்து.

நான் இலக்கங்களைப் போட்டேன், அவ்வளவுதான். இலக்கங்கள் படிவங்களிலிருந்து வந்தன. சனம் பொழுதுபோக்கு இல்லை என்று கையொப்பம் வைத்தால் நான் என்ன செய்ய முடியும்? அந்த வசனங்கள் சேர் சொல்லச் சொல்ல எழுதியவை.

அப்பாவிடம் சொல்லிவிட்டாயா?

துசாந்தன்

---

கண்ணாத்துறை
16.05.2025

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் உங்களை ஏசவில்லை. தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். மூலையில் இருந்த பெயரைப் பார்த்ததும் மடித்துத் தந்துவிட்டார்.

தாள் எப்படி வந்தது என்று தெரியாதா? அந்தப் பொதி அப்பா வலைக்குப் போடுகிற முடிச்சால் கட்டியிருந்தது. உங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் அந்த முடிச்சுத் தெரியாது. அட்டவணைப் பக்கம் உள்ளே போக அளவாக மடித்து, "கவனமாகப் பிரி" என்று கடிதத்திலும் எழுதிவிட்டு, இப்போது எனக்குத் தெரியாது என்கிறீர்கள். நேரே சொல்லத் துணிவில்லை, அதனால் முழங்கால் பட்டியில் சுற்றி அனுப்பினீர்கள். அனுப்பியதற்கு நன்றி. ஒளித்ததை நான் மன்னிக்க மாட்டேன்.

கையில் இருக்கும் ஐம்பது படிவம் போதாது, இன்னும் முப்பது உடனே அனுப்புங்கள். தூரத்திலிருந்து செலவழித்து வருகிறவனுக்குத்தான் பெறுமதி என்பது உங்கள் விதி. அடுத்த மாதம் அம்மன் சடங்கு. யார் யார் எங்கிருந்து வருவார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கம்சாயினி

---

கண்ணாத்துறை
14.06.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சடங்கு நல்லபடி முடிந்தது. அம்மா முழங்காலோடு கோயிலைச் சுற்றிவந்தார், இப்போது படுத்திருக்கிறார். படிவம் அனுப்பியதற்கு நன்றி. கூட ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பியிருந்தீர்கள்.

கடைசி நாள் கும்பத் தண்ணீரை வாவியில் சொரியத் துறைக்கு வந்தபோது கரையில் நிற்க இடமில்லை. சடங்கு முடிந்த பிறகும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. வழக்கம்போல எல்லோரும் தண்ணீருக்குள் இறங்கி உச்சி வெயில் வரை கிடந்தார்கள். நான் படிவத்தோடு கழுத்தளவு தண்ணீர் வரை போனேன். மூன்று தாள் நனைந்துவிட்டது, காயவைத்து அனுப்புகிறேன்.

தோகாவில் வேலை செய்கிற நம்மூர் ரதீஸ் வந்திருந்தான். பிளேன் ரிக்கற் ஒன்றரை இலட்சம், பத்து நாள் சம்பளமில்லாத லீவு. "கும்பத்த வீடியோவிலயும் பாக்கலாம். இந்தத் தண்ணியில கிடக்கத்தான் வாறன், புள்ள" என்றான். அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கினேன். கிருசிகா கனடாவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். சின்னவன் தண்ணீரை விட்டு ஏறமாட்டேன் என்று அழுதான். வாகரையிலிருந்து, வாழைச்சேனையிலிருந்து, கொழும்பிலிருந்து என்று மொத்தம் எழுபத்தொன்று. ஐந்தாம் கேள்விக்கு எழுபத்தொரு பேரும் ஓம் என்றார்கள். லீவில் வந்தவர்களுக்குச் சும்மா இருப்பதைச் சொல்ல வெட்கமில்லை. கூட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், பூச்சியமா என்று.

வெறும் படிவம் ஒன்றை உங்களுக்கென்று மேலே வைத்திருக்கிறேன். நீங்களும் தூரத்து ஆள்தானே. நிரப்பி அனுப்புங்கள்.

சாப்பாட்டைக் கவனியுங்கள்.

கம்சாயினி

---

கொழும்பு
22.07.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உடம்பு சுகம். வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மாவிடம் சொல். அப்பாவிடமும்.

எழுபத்தொரு படிவத்தையும் சேரிடம் கொடுத்தேன். ஏற்கவில்லை. அவர்கள் உறவினரைப் பார்க்கவும் கோயிலுக்கும் வந்தவர்கள், பொழுதுபோக்கு அவர்களின் நோக்கமல்ல என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். நான் இரண்டு தரம் கதைத்துப் பார்த்தேன். மூன்றாம் தரம் அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி டவுன் மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் இருக்கிறது. கேட்கிற அதிகாரி வெளியாள், எங்கள் கம்பனியைச் சேர்ந்தவரல்ல. அங்கே யாரும் கதைக்கலாம். நான் வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அறிக்கையில் என் பெயர் இருக்கிறது, சேரும் மேடையில் இருப்பார். நீ விளங்கிக்கொள்வாய்.

அந்த எழுபத்தொன்றையும் இதற்குள் திருப்பி அனுப்புகிறேன், நீ எனக்கு அனுப்பிய படிவத்தையும் நிரப்பி மேலே வைத்திருக்கிறேன். அதை மற்றவற்றோடு சேர்த்துக் கூட்டத்தில் கொடு. என்னால் இதுதான் முடிந்தது.

துசாந்தன்

---

கண்ணாத்துறை
14.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மா பட்டியைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கே வந்தார்.

மண்டபத்தில் குளிரூட்டி ஓடியது. உங்கள் சேர் சுவரில் அட்டவணையைக் காட்டிக் காட்டி விளக்கினார். நான் எழும்பி எழுபத்தொரு படிவத்தையும் அதிகாரியின் மேசையில் வைத்தேன். உறவினரைப் பார்க்க வந்தவர்கள் என்று சேர் அதையே சொன்னார். அப்போது ஸகியா எழும்பினாள். பார்க்கில் அவள் நிரப்பிய படிவங்களின் போட்டோக்கொப்பியைக் கொண்டுவந்திருந்தாள். "ஒரு கலியாணத்துக்கு வந்தம், பின்னேரம் பிள்ளையளோட பார்க்குக்கு வந்தம்" என்று எழுதிய பதினெட்டுப் படிவம். பதினெட்டும் முழுதாகக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

"டவுன்ல கலியாணத்துக்கு வந்தவர் பார்வையாளர், படுவான்கரையில சடங்குக்கு வந்தவர் மட்டும் சொந்தக்காரரா, சேர்?" என்று கேட்டாள். உங்கள் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதிகாரி கெட்டவரில்லை. ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அங்கேயே இருக்கும் நூறு பேரும் பொழுதுபோக்கு இல்லை என்று கையொப்பம் வைத்திருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" புள்ளடி போட்டவள் நான்தானே.

அப்பா எழும்பினார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர் கதைப்பார் என்று நினைக்கவுமில்லை. பின்வரிசையில் துறை ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"ஐயா, முதலாவது படிவம் என்ட. அதில நான் பொய் சொல்லிப் போட்டன். ஒவ்வொரு நாளும் வலையக் காயப்போட்டுப் போட்டு ஒரு மணித்தியாலம் கால தண்ணிக்குள்ள விட்டுக்கிட்டுச் சும்மா இரிப்பன். ஒரு வேலையும் இல்ல. நாப்பத்தஞ்சு வரிசமா இரிக்கன். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் மத்த நேரமெல்லாம் வாவியில கிடக்கன். வெக்கத்துல இல்ல எண்டுட்டன். இப்ப ஓம் எண்டு எழுதுங்க."

அண்ணா, அப்பா வாழ்நாளில் தன்னைச் சோம்பேறி என்று ஒருவர் சொல்ல விட்டதில்லை. இருநூறு பேருக்கு முன்னால் அதைத் தானே சொன்னார். சிரிக்கப் போகிறார்கள் என்று பயந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்ததாகச் சீதேவிப்பிள்ளை மாமி எழும்பி "என்டயும் மாத்துங்க" என்றார். பிறகு வரிசையாக எல்லோரும்.

கழிவுநீர் விடும் இடங்களின் பட்டியலிலிருந்து கண்ணாத்துறையை எடுத்துவிட்டு எல்லா இடத்தையும் திரும்பக் கணக்கெடுக்கச் சொல்லி அதிகாரி எழுதியிருக்கிறார். குழாய் வராது என்று அவர் சொல்லவில்லை. இப்போதைக்கு வராது, அவ்வளவுதான். அடுத்த கட்டில் நான் புள்ளடி போடமாட்டேன், அவர்கள் பக்கத்தில் போய் இருந்துகொண்டு கேட்பேன்.

உங்கள் படிவத்தை நான் கொடுக்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தூரம் சரி, பஸ் செலவு சரி. ஐந்தாம் கேள்விக்கு ஓம் என்று போட்டிருக்கிறீர்கள், அதுவும் சரி. ஏழாம் கேள்வி, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எத்தனை தடவை வந்தீர்கள் என்பது. அதை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். நீங்கள் வந்து நாலு வருடம். ஒரு தடவையும் வராதவரின் படிவம் செல்லாது என்பது நீங்களே அச்சடித்த விதி, அதனால் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன்.

வெறும் படிவம் ஒன்று வீட்டில் வைத்திருக்கிறேன். அதைத் தபாலில் அனுப்பமாட்டேன். அப்பாவின் தோணி விளிம்பில் இன்னொரு ஆள் இருக்க இடம் இருக்கிறது.

உடம்பைக் கவனியுங்கள்.

இப்படிக்கு,
கம்சாயினி